நாய்க்குட்டிக்கு இரத்தக் கழிச்சல் கண்டால்

கிராமப் புனருத்தாரணம் என்றதும் கிணறு, சாலை, விதை, கடன் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. தோட்டத்தையும் ஆட்டுக் கிடையையும் இரவெல்லாம் காக்கும் நாயைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும் நமது விருதுநகர் ஜில்லாவில் நாய் வளர்த்தல் வெறும் பொழுதுபோக்கன்று. இராஜபாளையம் நாய் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இந்தியத் தபால் இலாகா 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 9-ஆம் தேதி நாயினங்களுக்குத் தபால் தலைகள் வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் நமது கரிசல் சீமையில் பேணி வளர்க்கப்பட்டவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லாது போயிற்று. எனினும் காவலுக்காக இவ்வினங்களை விரும்பி வாங்குவோர் குறையவில்லை. ஆகவே நல்ல குட்டி ஒன்று ஒரு குடும்பத்தின் கைமுதலில் ஒரு பகுதியாகும்.

இக்குட்டிகளுள் பல, பிறந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் கழிச்சலினால் மாண்டுபோகின்றன. ஒரு நாள் உணவு மறுக்கும், மறுநாள் வாந்தி, அதன்பின் துர்நாற்றத்துடன் இரத்தமாகக் கழியும், மூன்றாம் நான்காம் நாள் இறந்துவிடும். "கண்ணேறு பட்டது" என்றோ "ஆயுசு அவ்வளவுதான்" என்றோ சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். உண்மையில் இம்மரணங்களுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. எவ்வாறு தடுப்பது, வந்தபின் முதல் நாளில் என்ன செய்வது என்பவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முதலில் கவனிக்க வேண்டியவை

மலத்தில் இரத்தம் என்பது ஒரு வியாதியின் பெயரன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான அடையாளம். கோழிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலும் நாய்க்குட்டிக்கு வருவதும் பெயரளவில் ஒன்றாயினும் காரணத்தால் வேறு. ஆகையால் கோழிக்கு வாங்கிய மருந்தை மீதி இருக்கிறதென்று குட்டிக்குப் புகட்டுதல் தகாது.

மலத்தின் நிறம் சில செய்திகளைத் தெரிவிக்கும். மலத்தின் மேல் சளியோடு சிவந்த கோடாகத் தோன்றும் இரத்தம் பெருங்குடலிலிருந்து வருவது. தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரித்து வெளிவருவதைக் காட்டும். தண்ணீரைப் போலப் பீறிட்டு, செந்நிறமாய், சகிக்கவொண்ணாத நாற்றத்தோடு கழிவதே மிகுந்த அபாயத்தைக் குறிக்கும்.

நிறத்தைவிட முக்கியமானது குட்டியின் நிலை. மலத்தில் ஒரு கோடு இரத்தம் இருந்தும் குட்டி ஓடியாடி, உணவு தின்று, தண்ணீர் குடித்து வருமாயின், மலத்தை ஒரு சிறு டப்பியில் எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ கால்நடை ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம். குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, உணவை முகர்ந்தும் பாராது கிடக்குமாயின், அது இரவாயினும் காலத்தை வீணாக்கலாகாது.

2. காரணங்கள்

அ. உணவுக் கோளாறு. தாய்ப்பாலை மறக்கடித்த குட்டிக்குத் திடீரென்று பசும்பாலை நிறைய ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரை செரியாமல் பேதியாகும். கறிக்கடை எலும்புத் துண்டு குடலைக் கீறும். விருந்து வீட்டு மிச்சம், எண்ணெய்ப் பரோட்டா, சால்னா ஆகியவை நமக்கு ருசியானவை. குட்டியின் வயிற்றுக்கு அவற்றின் கொழுப்பும் காரமும் ஆகா. சால்னாவில் உள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களையே சிதைக்கவல்லது. உணவை மாற்றவேண்டுமாயின் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.

ஆ. கொக்கிப் புழு. இது குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பது. இதன் குஞ்சுகள் தாயின் பால் வழியாகவே குட்டிக்குச் செல்லுமாதலால், கண் திறக்கும் பருவத்துக் குட்டிக்கும் இது உண்டு. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி லிட்டர் இரத்தத்தைப் போக்கடிக்கும். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் இருப்பதோ சுமார் 80 மில்லி லிட்டர் இரத்தம். ஐம்பது புழுக்கள் இருந்தால் தினம் 5 மில்லி லிட்டர், அதாவது பதினாறில் ஒரு பங்கு நஷ்டம். இவ்விதம் நாள்தோறும் முதல் கரைந்தால் எந்தக் குட்டிதான் தாங்கும்? உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும், மலம் கறுத்திருக்கும். இப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணில் இருந்து, வெறுங்காலோடு நடக்கும் நம் குழந்தைகளின் தோலிலும் புகுந்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். ஆகவே குட்டிக்குப் புழு மருந்து கொடுப்பது குழந்தைக்கும் பாதுகாப்பாகும்.

இ. கோக்சிடியா. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒட்டுண்ணி, பால் மறந்து இடம் மாறிய குட்டிகளிடத்தும், பல குட்டிகளை நெருக்கி அடைத்த இடங்களிலும் மிகுதி. சளியும் சிறிது இரத்தமும் கலந்து கழியும். மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தே இதனை நிச்சயிக்க இயலும். சாதாரணப் புழு மருந்து இதற்குப் பயன்படாது.

ஈ. விஷம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் வசிப்போர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். குட்டி எதையும் கடித்துப் பார்க்கும் இயல்புடையது. தீக்குச்சியின் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட் மிகுதியாக உட்சென்றால் இரத்தம் பழுதாகி ஈறு பழுப்பு நிறமடையும். பச்சை ஒளிக்குப் பயன்பட்ட பேரியம் உப்பு வாந்தி, பேதி, கால் தளர்ச்சி ஆகியவற்றைத் தரும். பட்டாசில் பேரியம் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ஆம் வருஷத்தில் தடை செய்தது. ஆயினும் பழைய கழிவு எங்கேனும் மண்ணில் கிடக்குமாயின் அபாயம் நீங்கியதாகாது. குழாய் சுற்றவும் பெட்டி ஒட்டவும் காய்ச்சும் மைதாப் பசை குட்டிக்கு இனிப்பான தீனி. பசை கெடாதிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வீடுகளில் பசைச்சட்டியை மூடி உயரத்தில் வைக்கவேண்டும். மயில்துத்தம் இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும். எலி மருந்துகளுள் ஒருவகை இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்தே இரத்தம் கசியும்.

உ. வெப்பம். சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகையில் தண்ணீரின்றிக் கட்டப்பட்ட குட்டிக்கு வெப்பம் தலைக்கேறி, மூச்சிரைத்து, உடல் நெருப்பாய்க் கொதித்து, இரத்தமாகக் கழிவதுண்டு. இதனை நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

ஊ. பார்வோ. மேற்கூறிய யாவற்றினும் கொடியது இது. இதனைத் தனியே விளக்குவோம்.

3. பார்வோ என்னும் கொள்ளை நோய்

நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் 1978-ஆம் வருஷத்தில்தான் ஒரு புது வியாதியாக உலகில் அறியப்பட்டது. ஓரிரு வருஷங்களுக்குள் கண்டம் விட்டுக் கண்டம் பரவிற்று. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையின் மிருக வைத்தியர்கள் இதனைக் கண்டு எழுதினர். நம் பாட்டன்மார் காலத்து நாட்டு வைத்தியத்தில் இதற்கு வழி இல்லாமைக்குக் காரணம், அக்காலத்தில் இந்த வியாதியே இல்லாதிருந்ததுதான். அவர்களைக் குறை கூறவேண்டுவதில்லை; ஆனால் அவர்கள் கைக்கொண்ட முறை இதற்குப் போதுமென்று நம்புவதும் சரியன்று.

வைரஸ் மலத்தின் வழியே வெளிப்பட்டு, மண்ணிலும் பாத்திரத்திலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, மற்றொரு குட்டியின் வாய்க்குள் செல்லும். உட்சென்ற மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் பெரும்பாலும் நோய் தெரியும். குடலின் உட்சுவரில் தினமும் புதிதாக வளரும் அணுக்களை அது அழித்துவிடுவதால் உணவும் நீரும் உட்கொள்ளப்படாமல் சுவர் உரிந்து இரத்தம் கசிகின்றது. அதே சமயத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகின்றது. ஆகவே குடலில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் புகுந்து குட்டியைக் கொல்லுகின்றன. மனிதருக்கு இந்த வியாதி தொற்றாது.

பெரும்பாலும் நடப்பது இது: திங்கட்கிழமை குட்டி உணவை மறுக்கின்றது, "நாளைக்குச் சரியாகும்" என்கிறோம். செவ்வாய்க்கிழமை வாந்தி, மோரும் ஓமத் தண்ணீரும் ஊற்றுகிறோம். புதன்கிழமை இரத்தம், கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போடுகிறோம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும்போது உடல் குளிர்ந்து, கண் குழிந்து, நரம்பு அகப்படாமற் போகின்றது. வைத்தியர் கைவிரித்தால் "ஊசி போட்டதும் செத்தது" என்ற பழி வேறு அவர்மேல் விழுகின்றது. சிகிச்சையின்றி விடப்பட்ட குட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை மாளும். காலத்தில் நரம்பு வழி நீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, கிருமிகளுக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்தத் திங்கட்கிழமைதான்.

4. ஆஸ்பத்திரிக்குச் செல்லுமுன் செய்யத்தக்கவை

(1) குட்டியை மற்ற நாய்களிடமிருந்து உடனே பிரித்து, உலர்ந்த சாக்கின்மேல், காற்று நேரே அடிக்காத இடத்தில் கிடத்துக.

(2) ஈறை விரலால் அழுத்தி விடுக. வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்கவேண்டும். தோள் பக்கத்துத் தோலைத் தூக்கி விடுக. உடனே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். தாமதித்தால் உடலில் நீர் வற்றிவிட்டதென்று அறிக. வெப்பமானி இருப்பின், ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு, மிகுந்தால் ஜ்வரம், 99-க்குக் கீழ் இறங்குதல் மிகுந்த அபாயம்.

(3) வாந்தி இல்லாத குட்டிக்கு, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி அளவாகத் தானே நக்கிக் குடிக்கும்படி வைக்கலாம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிக் கொல்லும். வாய்வழி நிற்காத தண்ணீரை வைத்தியர் நரம்பு வழியேதான் கொடுக்கவேண்டும்.

(4) விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், சாராயம், சுண்ணாம்புத் தண்ணீர் ஆகியவற்றைக் கொடாதீர். மனிதருக்குரிய ஜ்வர மாத்திரை, வலி மாத்திரை, பேதியைக் கட்டும் மாத்திரை ஆகியவற்றையும் கொடாதீர். வலி மாத்திரைகளுள் பல நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தத்தை மிகுவிப்பவை. விஷம் தின்றதென்று சந்தேகித்தாலும் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யலாகாது.

(5) வைத்தியரிடம் சொல்லவேண்டியவற்றை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்க: குட்டியின் வயது, எங்கே, எப்பொழுது வாங்கியது, புழு மருந்தும் தடுப்பூசியும் போட்ட தேதிகள், முதலில் வாந்தியா, பேதியா, கடைசியாகத் தின்றது, வீட்டில் பட்டாசு வேலையோ எலி மருந்தோ உண்டா என்பது. பட்டாசு வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதால் நஷ்டமடைவது குட்டியே. தின்ற பொருளின் உறையோ துண்டோ இருந்தால் எடுத்துச் செல்க.

அருகிலுள்ள கால்நடை ஆஸ்பத்திரி எப்பொழுது திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்தல் நன்று. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962. மேல்சிகிச்சை வேண்டுமாயின், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

5. வீட்டைச் சுத்தி செய்தல்

பார்வோ வைரஸ் சோப்புக்கும் பினாயிலுக்கும் அஞ்சுவதில்லை. குளோரின் ஒன்றே மலிவான வழி. முதலில் மலத்தையும் சாக்கையும் அப்புறப்படுத்திக் கழுவவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றும் மருந்து வீணாகும். பின்னர், காற்றுப்படாமல் மூடிவைத்த புதிய பிளீச்சிங் பொடியை 1 லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்துத் தெளிந்த நீரால் சிமெண்டுத் தரையையும் பாத்திரங்களையும் நனைத்து, பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவுக. இதனுடன் அமிலம் எதையும் கலத்தலாகாது. மூச்சைத் திணறவைக்கும் வாயு எழும்.

மண் தரையை இவ்விதம் முழுதும் சுத்தி செய்தல் இயலாது. வைரஸ் மண்ணில் பல மாதங்கள், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருஷம் வரையிலும் உயிரோடிருக்கும். குட்டி இறந்த வீட்டில் மறு மாதமே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து அதையும் இழப்போர் உண்டு. ஒரு வருஷத்துக்குள் புதிய நாய் வேண்டுமாயின், தடுப்பூசிகள் யாவும் முடிந்த நாயையே கொண்டுவருக. இறந்த குட்டியைக் கண்மாயிலோ ஓடையிலோ எறியாமல் ஆழமாகப் புதைக்கவேண்டும். பிழைத்த குட்டியையும் மூன்று நான்கு வாரம் பிற நாய்களோடு சேரவிடலாகாது. குணமான பின்பும் அதன் மலத்தில் சில காலம் வைரஸ் வெளிப்படும்.

6. வருமுன் காத்தல்

குட்டி பிறந்த முதல் நாளிலேயே தாயின் சீம்பாலைக் குடித்தல் அவசியம். நோயை எதிர்க்கும் சத்து அதன் வழியாகவே பெரிதும் வருகின்றது. இது தாய் கொடுத்த கைமுதல் போன்றது; நாளடைவில் செலவழிந்துபோகும். அது மிகுதியாக இருக்கும்போது போட்ட தடுப்பூசியை அதுவே செயலற்றதாக்கிவிடும். தீர்ந்த பின் ஊசி போடாதிருந்தால் குட்டி பாதுகாப்பற்று நிற்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து கண்டறிய முடியாது. இதனாலேயே ஊசியைப் பலமுறை போடவேண்டியிருக்கின்றது. "ஒன்று போட்டாயிற்று, போதும்" என்பது தவணை ஒன்றைக் கட்டிவிட்டுக் கடன் தீர்ந்ததென்று கூறுவதைப் போன்றதாகும்.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு:

2-ஆம் வாரம் முதல் 8-ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து. அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. எடை பார்த்தே அளவு. தாய்க்கும் உடன் கொடுக்கவேண்டும்.

6 முதல் 8 வாரத்துக்குள் பார்வோ முதலிய நோய்களுக்குக் கூட்டுத் தடுப்பூசி. பின்னர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16-ஆம் வாரம் முடியும் வரை.

3-ஆம் மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி.

பின்னர் வருஷந்தோறும் வைத்தியர் கூறியபடி.

ஊசிகள் முடியும் வரை குட்டியைச் சந்தைக்கும் கறிக்கடைத் தெருவுக்கும் கொண்டுபோதல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பதும் வாங்குவதும் தவறு.

7. சங்கம் செய்யக்கூடியது

இந்த வியாதியைத் தனியொருவர் தம் வாசலோடு தடுத்துவிட முடியாது. ஒரு வீட்டுக் குட்டியின் மலம் தெருவுக்கே விஷமாகின்றது. தடுப்பூசி மருந்தும் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் குளிரிலேயே இருக்கவேண்டியது. இராஜபாளையத்திலோ சிவகாசியிலோ வாங்கிச் சட்டைப்பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்து, ஊசியில் ஏறினும் பயன் தராது. ஊசிக்காக ஒவ்வொருவரும் தனித்தனியே அலைவதால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகின்றன. அதனாலேயே இரண்டாம் மூன்றாம் ஊசிகள் நின்றுபோகின்றன. ஊர் கூடினால் இக்கஷ்டம் நீங்கும்.

ஆகவே சங்கத்தில் ஒரு நாய்க்குட்டிப் பதிவேடு வைக்கலாம். உடையவர் பெயர், பிறந்த தேதி, புழு மருந்து, ஊசித் தேதிகள் என நான்கு பத்திகள் போதும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பனிக்கட்டிப் பெட்டியுடன் மருந்து வரவழைத்து, கால்நடை மருத்துவரை அழைத்து, தவணை வந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே நாளில் போடச் செய்யலாம். நோயுள்ள குட்டியை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரலாகாது. அதற்குரிய இடம் ஆஸ்பத்திரியே. குட்டி விற்கும் அங்கத்தினர் பதிவேட்டின் நகலையும் வாங்குவோரிடம் கொடுத்தால், நம்மூர்க் குட்டிக்கு நல்ல பெயரும் உண்டாகும். அந்நியர் வந்து விலை கேட்கும்போது வாய்ச்சொல்லைவிடத் தேதியிட்ட தாளுக்கே மதிப்பு அதிகம்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

(1) சென்ற ஒரு வருஷத்தில் நமது ஊரில் எத்தனை குட்டிகள் பிறந்தன? எத்தனை ஆறு மாதம் தாண்டின?

(2) இறந்தவற்றுள் எத்தனைக்கு மூன்று தவணை ஊசியும் போடப்பட்டிருந்தது?

(3) எந்தெந்த வீடுகளில் பட்டாசு, தீப்பெட்டி வேலைப் பொருள்கள் குட்டிக்கு எட்டும்படி இருக்கின்றன?

(4) ஊசி நாளாக மாதத்தில் எந்தத் தேதி நமக்கு வசதி? பனிக்கட்டிப் பெட்டிக்கும் பதிவேட்டுக்கும் பொறுப்பேற்பவர் யார்?

நான்காவது கேள்விக்கு விடை கூறி, அதனைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பின்பே கூட்டத்தை முடிக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.